மூணாவது தடவை எடுத்த வாக்குத்தத்தம்

உக்காரு பிள்ள, இங்கன எம்பக்கத்துல உக்காரு. அந்தப் பெஞ்சுக்கு ஒரு காலு ஆடும். இப்ப உள்ள போனது உங்க அப்பாவா? நினைச்சேன். வாதம் வந்து எத்தனை நாளாச்சு? ரெண்டு மாசம் இருக்கும். நடை வந்துட்டு, பேச்சு வரலை, அப்படித்தான? நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்.

உங்க அப்பாவுக்குப் பக்கத்துல நீலச் சட்டை போட்டுட்டு ஒருத்தர் உக்காந்திருக்காவளா? அவியதான் எங்க வீட்ல உள்ளவிய. ஞானதிரவியம்னு பேரு. கவர்மெண்டு பஸ்ல கண்டக்டரா இருந்தாவ. புதன்கிழமை மூணு நாலு பேர ஒண்ணா உக்கார வச்சுத்தான் நஸ்ரின் மிஸ் பேச்சு பழக்கும். தங்கமான பிள்ள. எம்மேல ரொம்பப் பிரியம். மத்தவங்க பொண்டாட்டிமார எல்லாம் உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கும், என்னை மட்டும், 'நீங்க வெளியே ரெஸ்ட் எடுங்கம்மா, பாவம், வீட்ல எவ்வளவு கஷ்டப்படுறீங்க'ன்னு சொல்லிக் கதவச் சாத்திரும். யாரு சொல்லுவா இந்தக் காலத்துல?

கலங்காத. பொறுமைன்னா என்ன, ஆண்டவருக்குக் காத்திருக்கதுன்னா என்னன்னு எங்கிட்டக் கேளு. நான் சொல்லுதேன். நீ ஏதோ சொல்ல வந்தியா? இரு, முதல்ல இதக் கேட்டுக்கோ.

போன டிசம்பர்ல ஒரு நாள் காலையில பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாவ. பேப்பர் கையில இருந்து நழுவுது, எடுக்கலை. 'என்ன, தூக்கமா?'ன்னு கேட்டேன். வாய் ஒரு பக்கமாப் போயிருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி, டாக்டர், பத்து நாள். காலு வந்துது. கையும் பாதி வந்துது. பேச்சு மட்டும் வரலை. வரலைன்னா ஒண்ணுமே வரலைன்னு இல்ல. ரெண்டு வார்த்தை மட்டும் உள்ள தங்கிட்டு. என்ன வார்த்தைன்னு நினைக்க? 'போலாம், ரைட்.'

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல சொன்ன வார்த்தைல்லா, அது மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டு. பசிச்சாலும் போலாம் ரைட். காலு வலிச்சாலும் போலாம் ரைட். எங்க சபை ஐயர் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தாரு. ஐயர்னா குருவானவரு, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். நல்ல மனுசன், ஆனா ஜெபத்த ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. தேசத்துக்கு ஜெபிச்சு, மழைக்கு ஜெபிச்சு, அப்பதான் எங்க வீட்டு வாசலுக்கே வாராரு, இவிய கண்ண மூடிக்கிட்டே சத்தமா 'போலாம் ரைட்!' ஐயர் அந்த இடத்துலயே ஆமென் சொல்லிட்டாரு. போறப்ப செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு, பாவம்.

சிரிக்க. நல்லது, சிரி. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலை.

அதுக்கப்புறம் வருஷப் பிறப்பு வந்துது. நீங்க கோயிலுக்குப் போறவங்களா, சர்ச்சுக்கா? சரி, எதுவா இருந்தா என்ன. எங்க சர்ச்சுல வருஷத்து முத நாள் ஆராதனை முடிஞ்சதும் தட்டுல அட்டையாக் கவுத்து வச்சிருப்பாவ. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு வசனம். கண்ண மூடி ஒண்ண எடுத்தா, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் குடுத்த வாக்குத்தத்தம். அந்த வருஷம் பூரா அதப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்.

நான் எடுத்தேன். என்ன வந்துது? பொறுமையா இரு, நான் பாத்துக்குவேன்னு அர்த்தம் வாற வசனம். பொறுமை எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு, இருக்கதையே எதுக்குத் தாராருன்னு திருப்பி வச்சிட்டேன். அட்டை ஒட்டிக்கிட்டு தப்பா வந்திருக்கும். ரெண்டாவது எடுத்தேன். உன் பிள்ளைகள் ஒலிவமரக் கன்னு மாதிரி பந்தியச் சுத்தி இருப்பாங்கங்கிற மாதிரி ஒண்ணு. எனக்குப் பிள்ளைங்க ரெண்டும் கல்யாணம் ஆகி பெங்களூர்ல இருக்கு. இது எனக்கு வேண்டிய சீட்டு இல்ல, பின்னால நின்ன ஜெசிந்தா டீச்சருக்கு வேண்டியது, அவ கையிலயே குடுத்துட்டேன். மூணாவது எடுத்தேன் பாரு. பேச முடியாதவன் நாக்கு பாடும்! அப்படியே உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆண்டவர் எவ்வளவு கரெக்டா குடுக்காரு பாத்தியா? மூணே தடவையில.

அந்த அட்டைய அவிய கட்டில் தலைமாட்டுல ஒட்டி வச்சேன். அன்னையில இருந்து நான் ஒரு நாள்கூட சந்தேகப்பட்டதில்ல. முழு விசுவாசம். சும்மா நம்ம பங்குக்கு நாக்குல வசம்பு தடவுனேன், தேன் தடவுனேன். பலவேசம் பொண்டாட்டி கோயில் மணியில ஊத்திப் பிடிச்ச தண்ணின்னு ஒரு செம்புல கொண்டு வந்தா, பேச்சு வரும்னு சொல்லி. நம்ம விசுவாசம் என்ன, இதெல்லாம் குடிக்கலாமா? வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா கோயில்ல இருந்து அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தத வீணாக்கக் கூடாதுல்லா, அதனால ரசத்துல ஊத்திட்டேன்.

இந்தப் பலவேசம் யாருன்னு கேக்கலியே நீ? அங்கதான் விஷயம் இருக்கு.

பலவேசம் டிரைவர். அவரும் இவியளும் ஒரே வண்டியில இருபத்திரண்டு வருஷம். திருநெல்வேலி திருச்செந்தூர் ரூட்டு. இவியள அண்ணாச்சின்னும் என்னை மைனின்னும் கூப்பிடுவாரு. வாதம் வந்த பிறகு தினம் சாயங்காலம் வந்து உக்காருவாரு. சரி, வந்த மனுசன் ஆறுதலா நாலு வார்த்தை பேசணுமா வேண்டாமா? ஒண்ணும் பேச மாட்டாரு. வெத்தலைய மென்னுக்கிட்டு இவியளப் பாப்பாரு. இவிய அவரப் பாப்பாவ. ரெண்டு பேரும் ஜன்னலப் பாப்பாவ. ஒரு மணி நேரம் இப்படியே. எனக்குன்னா பத்திக்கிட்டு வரும்.

நான் அப்படியா? ஒரு நிமிசம் சும்மா விடலை இவியள. நஸ்ரின் மிஸ் முத நாளே சொல்லிட்டு, 'அவர் ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, நீங்க பத்து எண்ணுங்கம்மா, அவரே முடிக்கட்டும்'னு. நான் எண்ணத்தான் செஞ்சேன். எனக்குக் கணக்கு வேகமா வரும். ஒரு நாள் 'த... த...'ன்னு ஆரம்பிச்சாவ. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். 'தண்ணியா? தலகாணியா? தலை வலிக்கா? தங்கச்சியப் பாக்கணுமா? தயிரா?' தயிர்தான்னு எனக்குத் தோணிட்டு, கொண்டாந்து ஊட்டி விட்டேன். கண்ண மூடிக்கிட்டுத் தின்னாவ. அவியளுக்கு என்ன வேணும்னு அவியள விட எனக்குத் தெரியும் பிள்ள. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, இதுக்கு வாய் எதுக்கு?

மாசி முடிஞ்சுது. பங்குனி முடிஞ்சுது. போலாம் ரைட்டுக்கு மேல வண்டி நகரலை. ஒரு நாள் பலவேசத்துக்கிட்ட நானே கேட்டேன்: "என்ன பலவேசம், நீரு இப்படிச் சும்மா உக்காந்திருந்தா அவியளுக்கு எப்படிப் பேச்சு வரும்?"

அவரு வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு, "வரும்போது வரட்டும் மைனி. எதுக்கு அவசரம்?"ங்காரு.

பாரு, எங்க வீட்டுக் கஷ்டம் இவருக்கு அவசரமாப் படலை! எனக்கு வந்துதே கோவம். "நான் ஆண்டவருக்குக் காத்திருக்கேன், நீரு எதுக்குக் காத்திருக்கீரு? இனிமே இங்க வரணும்னு இல்ல"ன்னு முகத்துக்கு நேரே சொல்லிட்டேன். அந்த மனுசன் துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவிய 'போலாம் ரைட்'னாவ. நான் செஞ்சது ரைட்டுன்னு சொல்லுதாவன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, அதுல கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி இருக்கு.

அப்புறம் நான் முழுசா ஜெபத்துல இறங்கிட்டேன். எங்க சபை பொம்பளைங்க செவ்வாய், வியாழன், வெள்ளி மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூடுவோம். ஐயரம்மா நடத்துவாவ. மத்தவளுக எல்லாம் அரை மணியில எந்திரிச்சிருவாளுக. நான் விடுவேனா? ஆண்டவருக்கு அவரு குடுத்த வாக்க ஞாபகப்படுத்துறது நம்ம வேலை. அஞ்சு மணி வரைக்கும் முழங்கால்ல நிப்பேன். ஐயரம்மாவுக்கு அடிக்கடி தலைவலி வரும், அப்பவும் நான் நிறுத்தலை.

பலன் தெரிஞ்சுது பிள்ள! ஒரு மாசத்துல தெரிஞ்சுது. ஜெபம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அவிய முகம் கழுவி விட்ட மாதிரி தெளிவா இருக்கும். நான் போகாத நாள்ல பாத்தா சொணங்கிப் போயிருக்கும். இத ஜெபத்தோட வல்லமைன்னு சொல்லாம வேற என்ன சொல்ல? கைகூட நல்லா வந்துட்டு. ஒரு தம்ளருக்கு ரெண்டு தம்ளராக் கழுவிக் கவுத்து வச்சிருப்பாவ. துண்டத் துவைச்சு ஜன்னல் கம்பியில காயப் போட்டிருப்பாவ. எல்லாரு கிட்டயும் சொல்லிட்டேன், வருது, அற்புதம் வந்துக்கிட்டே இருக்குன்னு. ஐயர்கிட்ட, அசனப் பண்டிகைக்கு நாங்க ரெண்டு பேரும் சாட்சி சொல்லுவோம்னு பேரு குடுத்துட்டேன். சாட்சின்னா ஆண்டவர் நமக்குச் செஞ்சத சபை முன்னால எடுத்துச் சொல்லுறது. ஊரே கூடிச் சமைச்சுச் சாப்பிடுற பண்டிகை அது. எண்ணூறு பேருக்குக் கொறையாம வருவாவ.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. ஐயரம்மாவுக்கு ஒரு கல்யாண வீடு, ரெண்டேமுக்காலுக்கே முடிச்சிட்டாவ. நான் வீட்டுக்கு வாரேன். கதவு கிட்ட வரும்போது உள்ள ஒரு சத்தம். ஆம்பிளைக் குரல். "கிருஷ்ணாபுரம்"னு சொல்லுது. பலவேசம்!

அந்த மனுசன் வரக்கூடாதுன்னு சொல்லியும் வந்திருக்கானேன்னு எனக்குத் தலைக்கு ஏறிட்டு. கதவத் தள்ளக் கைய வச்சேன். அதுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. உள்ள யாரும் இல்லையோன்னு நினைக்கிற அளவுக்கு. ஒரு சைக்கிள் தெருவுக்கு அந்தக் கோடியில இருந்து வந்து என்னைத் தாண்டிப் போயிட்டு. அப்பவும் சத்தம் இல்ல. அப்புறம்,

"செய்... செய்துங்க... நல்லூர்."

பிள்ள, அது அவிய குரல். பழைய குரல். கூட்டத்துக்குள்ள நின்னு கூப்பிட்டா கடைசி சீட்டு வரைக்கும் கேக்குமே, அந்தக் குரல், கொஞ்சம் தேஞ்சு போயி. என் கை கதவுலயே நின்னுட்டு.

"கருங்குளம்"ங்காரு பலவேசம். மறுபடியும் அந்த நீளமான சும்மா. அப்புறம் இவிய, "வை...குண்டம்." திருச்செந்தூர் ரூட்டுல ஸ்டாப்பு ஸ்டாப்பா அப்படியே போகுது வண்டி. ஆழ்வார்திருநகரி வந்ததும் பலவேசம் கேக்காரு, "அண்ணாச்சி, இங்கன யாரு ஏறுவா?"

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துட்டு, யாரு யாருன்னு. எனக்குத்தான் தெரியாதே, அதனால பேசாம நின்னேன். எவ்வளவு நேரம் போச்சோ. "குடை... டீச்சர்"னாவ இவிய. பலவேசம் சிரிக்காரு. "தினம் விட்டுட்டுப் போவால்லா!"ங்காரு. இவியளும் சிரிக்காவ. "தினம்... நான்... எடுத்துக் குடுப்பேன்"ங்காவ.

நாலு வார்த்தை! ஒண்ணா!

நான் அழுதேன், அத மறைக்கலை. ஆனா கண்ணத் துடைச்சதும் உள்ள வேற ஒண்ணு கிளம்பிட்டு. ஏழு மாசம் முழங்கால் தேய ஜெபிச்சது யாரு? கஞ்சி குடுத்தது, குளிப்பாட்டுனது, தயிர் ஊட்டுனது யாரு? முதல்ல வந்த பேச்சு யாருக்கு? வெத்தலை மெல்லுத டிரைவருக்கு! ஏதோ ஒரு குடை டீச்சருக்கு! நான் புயல் மாதிரி உள்ள போயி, "பேசுதியளா! என்னங்க, பேசுதியளா! எம்பேரச் சொல்லுங்க, ரத்னபாய், சொல்லுங்க, ரத்... ரத்... சின்னதாவாவது சொல்லுங்க!"

அவிய என்னப் பாத்தாவ. வாய் திறந்துது. மூடுச்சு. "போலாம் ரைட்."

அவ்வளவுதான், நான் பலவேசம் பக்கம் திரும்பிட்டேன். "உம்ம யாரு வரச் சொன்னா?"

"அண்ணாச்சிதான் மைனி."

"பேச்சு வராத மனுசன் எப்படிய்யா வரச் சொன்னாவ?"

அந்த ஆளு நெளியுதாரு. "நீங்க சர்ச்சுக்குப் போனதும் ஜன்னல்ல துண்டு தொங்கும். எங்க வீட்ல இருந்து பாத்தாத் தெரியும்."

நான் ஜன்னலப் பாக்கேன், துண்டு தொங்குது. எங்க வீட்ல உள்ளவிய சுவரப் பாக்காவ, பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்ட பிள்ள மாதிரி.

"இதுல என்ன வித்தை பண்ணுனீரு? என்ன மருந்து குடுத்தீரு?"ன்னு கேட்டேன்.

"மருந்து என்ன மைனி. டிரைவருக்கு வேற என்ன வேலை? விசில் வாற வரைக்கும் உக்காந்திருக்கணும். இருபத்திரண்டு வருஷம் அண்ணாச்சி விசிலுக்கு உக்காந்து பழகிட்டு"ன்னாரு. சொல்லிட்டு அவரே ரெண்டு தம்ளரையும் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போனாரு.

அடுத்த புதன்கிழமை நஸ்ரின் மிஸ்கிட்ட வந்து எல்லாத்தையும் கொட்டுனேன். அது ரொம்ப நேரம் யோசிச்சு, 'உங்க முன்னால நல்லாப் பேசிக் காட்டணும்னு அவருக்கு ரொம்ப ஆசைம்மா, அதான் பயப்படுறார்'னு சொல்லிச்சு. பாத்தியா, அவ்வளவு பிரியம் எம்மேல. அதனால பலவேசம் வரட்டும்னு நானே பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன். ஆனா எப்ப வந்துதுன்னு கவனிச்சியா? நான் ஜெபத்துக்குப் போன நேரத்துலதான வந்துது! செவ்வாய், வியாழன், வெள்ளி, ரெண்டுல இருந்து அஞ்சு. நான் முழங்கால்ல நிக்க நிக்க இங்க பேச்சு வந்திருக்கு. இத விட வேற என்ன அத்தாட்சி வேணும்? ஐயரம்மாகிட்டச் சொன்னேன், அவிய முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாவ. அவ்வளவு உருக்கம்.

அசனத்து அன்னைக்குத்தான் எனக்குச் சோதனை. சர்ச்சு நிறைய ஜனம். ஐயர் பேரு கூப்பிட்டாரு. இவிய கையப் பிடிச்சு முன்னால கூட்டிட்டுப் போயி நடந்ததெல்லாம் நான் சொன்னேன். சுருக்கமாத்தான், முக்கால் மணி நேரம் இருக்கும். சொல்லிட்டு மைக்க இவிய வாய்க்கு முன்னால நீட்டி, "சொல்லுங்க"ன்னேன்.

ஒண்ணும் வரலை.

அடுப்புப் பக்கம் கறி கொதிக்கிற மணம் வருது. ஜனம் பசியில நெளியுது. முன்வரிசையில யாரோ களுக்குன்னு சிரிக்காவ. இவிய நெத்தியில வேர்வை. எனக்குத் தெரியும், இவிய என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும், 'ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்'னு ரெண்டு வார்த்தைய நானே சொல்லி முடிச்சிரலாம்னு வாயத் திறந்தேன். அப்ப பின்னால கதவோரமா பலவேசம் நிக்கது தெரிஞ்சுது. சாப்பாட்டுக்கு வந்திருக்காரு. நின்ன இடத்துல அசையலை. இவியளப் பாத்துட்டு சும்மா நிக்காரு. அந்த மனுசனால முடியும்போது என்னால முடியாதான்னு ஒரு வைராக்கியம். எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டு. பத்து போச்சு. இருபது போச்சு. நாப்பத்தாறு வரைக்கும் எண்ணுனேன் பிள்ள, மெதுவா!

இவிய மைக்கத் தன் கையில வாங்கிக்கிட்டாவ. "இவ..."ன்னாவ. "ரொம்ப... ஜெபம்... பண்ணுனா." எனக்குக் கண்ணுல தண்ணி. "அதனால... எனக்கு..." நிறுத்தி மூச்சு வாங்குனாவ. "பேசிப் பழக... நேரம் கிடைச்சுது."

அப்புறம் சிரிச்சாவ பாரு சனம், சர்ச்சுக் கூரை போயிரும் போல. ஐயர் மூக்குக் கண்ணாடியக் கழத்தித் துடைக்காரு. பலவேசம் கதவப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்குதாரு. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம் எல்லாருக்கும். எதுக்கு அவ்வளவு சிரிப்புன்னு எனக்கு முதல்ல விளங்கலை. விளங்கினப்ப பந்தியில பாதிச் சோறு தின்னு முடிச்சிருந்தேன். மீதிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிரலாமான்னு பாத்தேன். கறி நல்லா இருந்துது. இருந்துட்டேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அத சாட்சியில சொல்லலை. அது அதுக்கப்புறம் நடந்தது.

போன வாரம் காலையில அடுப்புல பால வச்சிட்டு நிக்கேன். அவிய அடுக்களை நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "அன்னைக்கு..."ன்னாவ. என்னைக்கு? நேத்தா, ஞாயித்துக்கிழமையா, மகன் போன் பண்ணுனானே அன்னைக்கா? எல்லாம் வரிசையா என் நாக்கு நுனியில வந்து நிக்கி. முந்தானைய எடுத்து வாய்க்குள்ள வச்சுக் கடிச்சுக்கிட்டேன். "ஆஸ்... பத்திரியில"ன்னாவ. பால் ஏறுது. அணைக்கணும்னா திரும்பணும். நான் திரும்பினா அவியளுக்கு வார்த்தை விட்டுப் போயிரும். திரும்பலை. பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு 'சுர்'ருன்னு அணைஞ்சிட்டு. அப்பவும் திரும்பலை.

"நீ... பாத்ரூம்ல... குழாயத் திறந்து விட்டுட்டு... அழுத." மூச்சு வாங்கிக்கிட்டாவ. "எனக்கு... கேட்டுது."

அது யாருக்கும் தெரியாது பிள்ள. எம்பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னுதான் திறந்து விட்டேன். டிசம்பர்ல இருந்து அந்த ஒரு பேச்ச உள்ள வச்சுக்கிட்டு அவிய படுத்துக் கெடந்திருக்காவ, நான் தயிரா தலகாணியான்னு கேட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.

நான் என்ன பதில் சொன்னேன்னு கேக்கியா? ஒண்ணும் சொல்லலை. கையப் பின்னால நீட்டி, காஸ மட்டும் திருகி அணைச்சேன்.